அடியில் தள்ளிய கூலர்

“புஸ்தகம் படிச்சா கூலர் நகருமா?” என்றார் சித்தப்பா. இன்று தில்லி கரோல் பாக் கடையொன்றில், கூலரின் பக்கங்களில் அடைக்கும் நனைந்த புல்லின் வாசனை வந்ததும் பல வருடங்களுக்கு முந்தைய அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது.

பத்தாவதோடு என்னை நிறுத்திவிடலாமா என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்த கோடை அது. எங்கள் ஒற்றை அறையில் அவரும் சித்தப்பாவும் அறையைக் குளிர்விக்கும், தண்ணீர் நிறைந்த இரும்புக் கூலரை மேல்விளிம்பில் கைவைத்துத் தள்ளினார்கள். அது சாய்ந்து தண்ணீரைக் கொட்டியதே தவிர, நகரவில்லை.

“உசரத்துல தள்ளுனா கவுந்துரும்ப்பா. அடியில தள்ளுங்க,” என்றேன், பாடப் புத்தகத்தில் படித்ததை வைத்து. அதற்குத்தான் சித்தப்பா அப்படிக் கேட்டார்.

அப்பா குந்தி உட்கார்ந்து தள்ளினார். கூலர் தரையை உரசிக்கொண்டு சன்னல்வரை போனது.

“அச்சா, வாத்தியாரம்மா,” என்று சிரித்தார் சித்தப்பா.

அப்பா சிரிக்கவில்லை. “பதினொண்ணுல சயின்ஸே எடுத்துக்க,” என்றார்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். போன வாரம் எம்.எஸ்ஸி. இயற்பியலில் சேர்ந்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, சேர்ந்துவிட்டுத்தான் சொன்னேன்.