ரப்பர் பொம்மை மேல் வந்த பொறாமை

பிள்ளைகளே, அப்பாக்களுக்கும் பொறாமை வரும். எனக்கு ஒரு ரப்பர் பொம்மை மேல் வந்தது.

என் மகளுக்குக் கை சும்மா இருக்காது. நான் பட்டுத் தறியில் உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து, அறுந்து விழுந்த இழைகளை எடுத்துத் திரித்துக்கொண்டே இருப்பாள். அப்போதுதான் அடங்குவாள். வேறு யாரிடமும் அடங்காதவள் என்னிடம் அடங்குகிறாளே என்று எனக்குப் பெருமை.

அவளுடைய மாமா சென்னையிலிருந்து 'பாப் இட்' என்று ஒரு ரப்பர் பொம்மை வாங்கி வந்தார், தட்டு முழுக்கக் குமிழ் குமிழாக இருக்கும். ஒரு குமிழை அமுக்கினால் 'பொட்' என்று உள்ளே போகும். அதன்பின் இழைகளை அவள் தொடவே இல்லை. என் தறி ஓரமாகவே உட்கார்ந்து, அதையே அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா வாங்கியாந்ததுன்னா அவ்ளோ ஒசத்தியா?" என்றேன்.

"போப்பா, உனக்கு வயித்தெரிச்சல்!"

கோபத்தில், தறியில் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாவை வீசுவதை நிறுத்தினேன். 'பொட்' சத்தமும் நின்றது.

"ஏன்பா நிறுத்திட்ட? உன் நாடா ஒரு தபா ஓடுனா நான் ஒரு குமிழ் அமுக்குவேன். அப்படித்தானே ஆடிக்கினு இருக்கேன்!"

மாமாவுக்கு நாடா வீசத் தெரியாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் வேகமாகவே வீசினேன்.