கண்டிஷன் மாஸ்டரும் ஒரு நாள் இலவசமும்

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தப் பட்டறையில் துணி வெட்டும் மேசை ஒரு பெண்ணின் பொறுப்பில் இருப்பது, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொஞ்சம் விநோதமாகத் தெரியும். எல்லாம் ஒரு வாரம்தான். நாற்பது அடுக்குத் துணியை மின்கத்தியால் அவள் வளைத்து வெட்டுவதையும், மேலடுக்கும் அடியடுக்கும் நூல் பிசகாமல் ஒன்றாக நிற்பதையும் பார்த்துவிட்டால் அப்புறம் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. நேருக்கு நேர் அவளை மாஸ்டர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் கண்டிஷன் மாஸ்டர்.

அந்தப் பட்டம், துணி ஓரம் அடிக்கும் ஒரு ஓவர்லாக் மெஷினால் வந்தது. புது மெஷின் வந்து இறங்கிய அன்று எல்லாரும் அதைத் தொட்டுத் தடவிக்கொண்டிருக்க, இவள் மட்டும் காலி அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டு உத்தரவாதச் சீட்டை எடுத்தாள். நின்ற நிலையிலேயே கடைசி வரி வரை படித்தாள். "முப்பது நாளுக்குள்ள பதிவு பண்ணலேன்னா வாரண்டி செல்லாதாம்" என்று முதலாளியிடம் சொல்லி, அன்றைக்கே பதிவு செய்ய வைத்தாள். ஐந்தாம் மாதம் மோட்டார் புகைந்தது. கம்பெனிக்காரன் முணுமுணுத்துக்கொண்டே புது மோட்டார் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனான். மருந்துச் சீட்டானாலும் சரி, பேருந்து டிக்கெட்டின் பின்பக்கமானாலும் சரி, பொடி எழுத்து என்றால் அவளுக்குக் கண் தானாகப் போகும்.

அவளுக்கு ஒரு தம்பி. இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தான். கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடையில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து செய்யும் வேலை. பிறவியிலேயே முதுகெலும்பு வளைந்து, வலத்தோள் இடத்தோளைவிட நாலு விரல் கீழே இறங்கியிருந்தது. கடையில் வாங்கும் எந்தச் சட்டையும் அவனுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், இன்னொரு பக்கம் தொங்கும். அதனால் அவன் சட்டையெல்லாம் அக்கா கையால்தான். ஆனால் ஒரு சட்டைக்கு நாலு முறை போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஊசி குத்தி, பிரித்து, மறுபடி குத்தி. பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றால் அவனுக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கும். வாயைத் திறந்து சொல்லமாட்டான், நெற்றி வியர்த்துவிடும். ஊருக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிக் கொடுக்கிறவளுக்குத் தன் தம்பி உடம்பு மட்டும் பிடிபடாதது பெரிய உறுத்தலாக இருந்தது.

அப்படியிருக்கையில்தான் அந்த மென்பொருளைப் பற்றி மகள் சொன்னாள். கல்லூரியில் படிக்கிற பெண். இடது பக்க அளவு தனி, வலது பக்க அளவு தனி என்று கொடுத்தால், திரையில் அந்த உடம்பு அப்படியே எழுந்து நிற்கும். அதற்கேற்ப, துணியின் மேல் வைத்து வெட்டுவதற்கான காகித அச்சையும் அதுவே வரைந்து தரும். விலையைக் கேட்டதும் அம்மா பேச்சை மாற்றிவிட்டாள். ஆனால் அந்தக் கம்பெனி தன் ஆண்டு விழாவை முன்னிட்டு ஒரே ஒரு நாள் அதை இலவசமாகத் தரப்போவதாக அறிவித்திருந்தது. எந்த நாள் என்று மட்டும் சொல்லவில்லை. மின்னஞ்சலைப் பதிந்து வைத்தால் தகவல் வருமாம்.

பதிந்தாள். காத்திருந்தாள். மாதம் ஒன்று, இரண்டு, மூன்று. தினமும் விடியற்காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பொங்குவதற்குள் போனில் மின்னஞ்சலைப் பார்த்துவிடுவாள். வீட்டுக்காரர், அவர் எலக்ட்ரீஷியன், ஒருநாள் சிரித்தேவிட்டார்.

"இலவசம்னு சொல்லி இழுத்தடிக்கிறான். வருங்கற?"

"வரும். சும்மா தர்றவன் அவனுக்குத் தோதுப்பட்டப்பதான் தருவான். நாம தயாரா இருக்கணும், அவ்வளவுதான்."

அந்த மூன்று மாதத்தையும் அவள் வீணாக்கவில்லை. கம்பெனியின் பக்கத்தில் விதிகளைப் போட்டிருந்தார்கள். ஏழு விதி, எல்லாம் ஆங்கிலம். மகளை உட்கார வைத்து ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டுப் பட்டறைக் காகிதத்தில் தமிழில் எழுதிக்கொண்டாள். அன்றைய தேதிக்குள் இறக்கினால் மட்டும் போதாது, சாவி எண்ணைப் போட்டு உயிர்ப்பிக்கவும் வேண்டும். ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் ஓடும், வேறொன்றுக்கு மாற்றமுடியாது. புதுப் பதிப்பு கிடைக்காது. ஐந்தாவது விதி, பிற்பாடு அழிந்துபோனால் மறுபடி ஏற்ற முடியாது. கடைசி விதி, சொந்த வீட்டு உபயோகத்துக்கு மட்டும், வியாபாரம் கூடாது.

"என் லேப்டாப்ல போட்டுக்கலாம்மா. புதுசு, வேகமா ஓடும்" என்றாள் மகள்.

"உன்னோடது வேணாம். நாளைக்கே வேலை கிடைச்சு நீ கிளம்பிப் போயிடுவ. லைசென்சும் உன்கூடவே கிளம்பிப் போயிடும். வீட்டுல இருக்கற பழசுலயே போடறேன்."

பழைய கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. வீட்டுக்காரர் சேர்த்து வைத்திருந்த சினிமாப் படங்களை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து துடைத்து எடுத்தாள். அவர் அன்று இரவு வரை பேசவில்லை.

விதிகளில் அவள் கண்ணில் பட்ட இன்னொன்று மகளுக்குக்கூடப் படவில்லை. 'அன்றைய தேதி' என்பது கம்பெனி இருக்கும் ஊரின் தேதி. அந்த ஊர் கிழக்கே எங்கோ கிடக்கிறது, கடிகாரம் ஏழு மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே நாள் முடியும்போது இங்கே மாலை ஐந்து. அதைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்தாள்.

நாலாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால் பொங்குவதற்குள் கடிதம் வந்துவிட்டிருந்தது. பால் பொங்கியும் விட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, எட்டு மணி ஆனதும் முதலாளிக்குப் போன் போட்டாள்.

"முதலாளி, மத்தியானம் வரைக்கும் லீவு வேணும். அந்த சாஃப்ட்வேர் வந்துடுச்சு."

"அட, இன்னைக்கா? அப்ப நானும் சாயங்காலம் வேலை முடிஞ்சதும் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டுக்கறேன்."

"நம்ம பட்டறையில போடக்கூடாது, முதலாளி. வியாபாரத்துக்கு ஆகாதுன்னு போட்டிருக்கான். அதுவும் போக அஞ்சு மணியோட முடிஞ்சிடும்."

"இன்னைக்கு முழுக்கன்னு தானே சொன்னீங்க?"

"அவங்க ஊர் இன்னைக்கு."

முதலாளி கடகடவென்று சிரித்துவிட்டுப் போனை வைத்தார்.

மென்பொருள் இறங்க ஒன்றே முக்கால் மணி நேரம் பிடித்தது. பழைய கம்ப்யூட்டர் இரைந்த இரைச்சலில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "மிக்ஸி கெட்டுப்போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அடுத்து சாவி எண் வரவேண்டும். வரவில்லை. பத்து நிமிஷம் பார்த்தாள், இருபது நிமிஷம் பார்த்தாள். கல்லூரியில் இருந்த மகளுக்குப் போன் செய்தாள்.

"ஸ்பேம்னு ஒண்ணு இருக்கும் பாரும்மா, வேண்டாத லெட்டரெல்லாம் போய் விழற இடம்."

அங்கேதான் கிடந்தது, லாட்டரிப் பரிசுக்கும் முடி வளரும் தைலத்துக்கும் நடுவில். இருபத்தைந்து எழுத்து. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லித் தட்டினாள். திரையில் நன்றி என்று வந்தது. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்கு நடந்தாள்.

மறுநாள் முதலாளி முகம் சுண்டிப்போயிருந்தது. ஆறு மணிக்கு முயன்றாராம், முடிந்துவிட்டது என்று வந்ததாம்.

"சரி போகட்டும். உங்க வீட்டுல போட்டிருக்கீங்கல்ல? புது ஸ்கூல் ஆர்டருக்கு அதுல அச்சு எடுத்துட்டு வந்துடுங்க மாஸ்டர்."

"அது முடியாது முதலாளி."

"யாரு வந்து பாக்கப்போறாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க. ஆனா நான் படிச்சிட்டேனே. அதோட, ஸ்கூல் சட்டைக்கு அது எதுக்கு? என் கை போதாதா?"

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். இரண்டு நாள் முறைப்பாக இருந்தார். மூன்றாம் நாள் அந்தப் பள்ளியின் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து வெட்டுமேசையில் வைத்து, "இதையும் ஒரு பார்வை பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக நகர்ந்துவிட்டார்.

மென்பொருள் கைக்கு வந்தும் தம்பி சட்டையை அவள் ஆரம்பிக்கவில்லை. சொந்த வீட்டு உபயோகம் என்று போட்டிருக்கிறது. தம்பி இருப்பது வேறு வீடு.

"ரொம்ப யோசிக்கிறம்மா. மாமாதானே!" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தம்பி. அவங்களுக்கு எப்படின்னு தெரியலையே. கேட்டுடுவோம். காசா பணமா?"

கம்பெனிக்குக் கடிதம் போயிற்று. பதில் வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் வீட்டுக்காரர் உடம்பை அளந்து மென்பொருளில் பழகினாள். அவர் ஒரே வீட்டில் இருப்பவர், அவர் விஷயத்தில் சந்தேகமே இல்லை. இடதும் வலதும் தனித்தனியாக அளந்து மூன்று சட்டை தைத்துப் போட்டாள். "லைசென்ஸ் உள்ள புருஷன்டா நான்" என்று அவர் கூட்டாளிகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பத்தாம் நாள் ஒரு பெண் பதில் எழுதியிருந்தாள். உங்கள் தம்பிக்குத் தாராளமாகத் தைக்கலாம், அவரிடம் பணம் வாங்காதவரை.

அன்று மாலையே தம்பியை வரவழைத்தாள். அவனை நாற்காலியில் உட்கார வைத்தே பாதி அளவை எடுத்தாள். கழுத்தடியிலிருந்து தோள்முனை, தோள்முனையிலிருந்து இடுப்பு, எல்லாம் இரண்டிரண்டு முறை. திரையில் ஒரு சாம்பல் நிற உடம்பு எழுந்தது. வலத்தோள் இறங்கி, முதுகு ஒருபுறம் புடைத்து. தம்பி அதைச் சற்று நேரம் பார்த்தான்.

"பின்பக்கம் நான் இப்படித்தான் இருக்கேனாக்கா?"

"இப்படித்தான்" என்றாள்.

"பரவால்ல. முடி மட்டும் இன்னும் கொஞ்சம் வெச்சிருக்கலாம்."

முதுகுத் துணியை நடுவில் பிரித்து, இரண்டு பாதியையும் வேறுவேறு உயரத்தில் மென்பொருள் அச்சு வரைந்தது. அக்குளைக்கூட இரண்டு விதமாக. இத்தனை வருஷமாகத் தோளை மட்டுமே சரிசெய்ய முயன்று எங்கே தவறினோம் என்பது அதைப் பார்த்ததும் அவளுக்குப் பளிச்சென்று விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை சட்டை முடிந்தது. போட்டுக்கொண்டான். கீழ்விளிம்பு சுற்றிலும் தரைக்கு ஒரே மட்டமாக நின்றது. போட்டுப் பார்த்தது ஒரே முறைதான், நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. அவன் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றான். உட்காரு என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

அந்தச் சட்டையோடு அவன் கவுண்டரில் உட்கார்ந்த மூன்றாம் வாரம், கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்ற வந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, யார் தைத்தது என்று விசாரித்தார். அவருக்கும் கூன். எந்த ரவிக்கையும் உட்காராது. காசு கொடுத்துத்தான் தைத்துக்கொள்வேன் என்றார். அவள் மறுபடி கம்பெனிக்கு எழுதினாள். உங்கள் மென்பொருளைத் தொடமாட்டேன், ஆனால் அதைப் பார்த்து நான் கற்றுக்கொண்டதை வைத்துக் கையால் வரைந்து விற்கலாமா என்று. அதே பெண்தான் பதில் போட்டாள். மென்பொருள் எங்களுடையது, நீங்கள் கற்றது உங்களுடையது, இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்று.

பழுப்புக் காகிதத்தை விரித்து, அளவுகோலும் பென்சிலுமாக உட்கார்ந்தாள். ஆசிரியைக்கு இரண்டு முறை போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அடுத்து வந்தவருக்கு ஒன்றே போதுமானது. செய்தி வாய்வழியாகப் பரவி, ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் செருப்பு சேர ஆரம்பித்தது. ஒன்றேகால் வருஷத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது. இலவசமும் அதோடு போயிற்று. மகள்தான் அழாத குறையாக நின்றாள். அம்மாவுக்கு அது ஐந்தாவது விதியிலேயே தெரிந்த சங்கதி, கையும் பழகிவிட்டது. பேருக்கு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அளவு டேப்பைத் தேடினாள்.

டேப் தம்பி கையில் இருந்தது. ஞாயிறுதோறும் அவனும் வந்துவிடுவான். ஆண்களுக்கு அளவெடுப்பது இப்போது அவன்தான். முதல் தடவை வருகிறவர்கள் அவள் முன்னால் சட்டையைக் கழற்றக் கூசுவார்கள், அவனைப் பார்த்ததும் பொத்தான் தானாகக் கழலும்.

"நேரா நிக்கணுமாங்க?" என்று அன்றைக்கு வந்த ஒருவர் தயங்கிக் கேட்டார்.

"எப்பவும் எப்படி நிப்பீங்களோ அப்படியே நில்லுங்க" என்றான் தம்பி. "வலது தோள் எழுதிக்கோக்கா."