அக்கா தண்ணீர் குடிக்காத நாட்கள்

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் தெரு அடிபம்பு அக்காவுடையது. யாரும் எழுதிக் கொடுத்த உரிமையில்லை. இருபத்திரண்டு வயதிலும் ஐந்து வயதுப் பிள்ளையின் புத்தியோடு இருந்தவளுக்குத் தெருவே விட்டுக்கொடுத்த வேலை. யார் குடம் வைத்தாலும் அடித்துக் கொடுப்பாள், போதும் என்றால்தான் நிறுத்துவாள். அந்த நேரத்தில் அவளைப் பார்த்து யாரும் பாவம் என்று உச்சுக்கொட்டியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் காலரா வந்தது. சுகாதார ஆட்கள் பம்பின் வாயைச் சாக்கால் கட்டிவிட்டுப் போனார்கள். லாரித் தண்ணீரையும் கொதிக்கவைத்துக் குடித்தோம். எதிர்வீட்டுக்காரர் வாந்திபேதியில் இறந்தார். அவரைத் தூக்கும்வரை அக்கா அந்த வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அதற்குப் பிறகு பகலிலும் தெருவில் ஆள் இல்லை.

அக்காவுக்கு இதெல்லாம் ஏறவில்லை. கொஞ்சம் கண் அசந்தால் போய்ச் சாக்கை அவிழ்த்துவிட்டு, குடமே இல்லாமல் அடித்துக்கொண்டிருப்பாள். இழுத்துவரும் வேலை பதின்மூன்று வயதான என் தலையில் விழுந்தது. ஒரு நாள் வெயிலில் ஏழாவது முறை போனபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"தண்ணில பூச்சி கீது. குடிச்சா செத்துப் பூடுவே" என்றேன்.

உடனே கைப்பிடியை விட்டாள். நான் பெருமையாக அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

அன்று மாலையிலிருந்து அவள் தண்ணீரைத் தொடவில்லை. கொதிக்கவைத்தது என்றோம். அவளுக்குத் தண்ணீர் என்றால் தண்ணீர்தான். மோரையும் காபியையும்கூட உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளினாள். காலையில் உதடு வெடித்திருந்தது. ஆஸ்பத்திரி முழுக்கக் காலரா நோயாளிகள், கூட்டிப்போகவும் பயம். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த அப்பா, ஒன்றும் ஆகாது என்று காட்ட, அவள் கண்ணெதிரே ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். அம்மாவும் குடித்தாள், நானும் குடித்தேன். எங்கள் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

எங்களை ஒவ்வொருவராக உற்றுப் பார்த்தாள். பிறகு பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. நான் எதிரில் நின்றால், தூணைச் சுற்றுவதுபோல் என்னைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அப்பா படுத்துத் தூங்கினார். மதியம் எழுந்தபோது காலைப் பிரிக்க முடியவில்லை. இரண்டு கட்டைவிரல்களும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. தலைமாட்டில் அகல் எரிந்தது. எதிர்வீட்டில் பார்த்ததை அக்கா ஒன்று விடாமல் செய்திருந்தாள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் என் கையைத் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது, ஆனாலும் பயம் போகவில்லை.

பூச்சி இல்லை, பொய் சொன்னேன் என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளுக்கு நான் செத்தவள், என் பேச்சு அவள் காதில் விழவில்லை.

மறுநாள் மதியம் நாங்கள் மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அக்கா தலை வாரிக்கொண்டு, பொங்கலுக்கு எடுத்த பச்சைத் தாவணியில் வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து என் டம்ளரை எடுத்தாள். நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"நானும் வரேன் பாப்பா."

ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். பெண் பிழைத்தாள் என்று அம்மா சந்தோஷத்தில் அழுதாள். அவள் சாகத்தான் குடித்தாள் என்பதை இன்றுவரை வீட்டில் நான் சொன்னதில்லை.