போகியில் எரிந்த எரு

எண்பதுகளின் கடைசியில் பாரிவாக்கத்தில் வீடு கட்டிக் குடிபோனோம். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி குப்பைமேடு ஒன்று வைத்திருந்தாள். வேப்பஞ்சருகு, காய்த்தோல், சாணம் என்று அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் தெளிப்பாள். தை பிறந்ததும் கத்தரிப் பாத்திக்கு எருவாகும் என்றாள். எனக்கோ அந்த நாற்றமும் ஈயும் ஆகவே ஆகாது. புது வீட்டைப் பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்தியபோது மானமே போய்விட்டது.

போகியன்று விடியற்காலையில் தெருவெல்லாம் பழம்பாய் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் வாசல் நெருப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்துப்போய், வேலிச் சந்து வழியாக அந்த மேட்டில் செருகினேன். அது குப்பையில்லை, எரு என்று எனக்கு நன்றாகவே தெரியும். சருகு குபீரென்று பற்றிக்கொண்டது. அவள் குடம்குடமாகத் தண்ணீர் ஊற்றியும் அடியில் கிடந்தது மாட்டுப் பொங்கல்வரை புகைந்தது.

என்னிடம்தான் வந்து அழுதாள். "எந்தக் கய்தை கொளுத்திச்சோ தெர்லக்கா. ஆறு மாசமா சேத்து வெச்சிகினு இருந்தேன்."

"பசங்க வேலையாத்தான் இருக்கும்" என்றேன்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுக் காய்த்தோலை ஒருநாள் விடாமல் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேடு மறுபடியும் வளர்ந்தது.

அடுத்த போகிக்கு முந்தின நாள் வேலியோரம் வந்தாள். "நான் பொண்ணு ஊட்டுக்குப் போறேன்கா. காலைல எவனும் கொளுத்தாம நீங்கதான் பாத்துக்கணும்."

விடியுமுன்பே போய் அந்த மேட்டின் பக்கத்தில் நின்றேன். யாரும் வரவில்லை. கொளுத்தியவளே காவலுக்கு நின்றால் வேறு யார் வருவார்கள்?