பச்சைப் பொட்டு வைத்த பாட்டில்

ஓசூருக்கு வந்த முதல் வாரத்திலேயே முன்பின் தெரியாத ஒருவர் பின்னால் ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் தண்ணீர் குடித்து முடித்தவர், கீறல்கூட இல்லாத பாட்டிலை மூடியோடு சாக்கடையோரம் வீசிவிட்டு அவர்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். "அண்ணே, பாட்டிலை விட்டுட்டுப் போறீக!" என்று எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்தாரோ என்னவோ, "பேடம்மா, பேடா" என்று கன்னடத்தில் வேண்டாம் சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டார். கமுதிப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் ஒரு காலி பாட்டிலுக்குச் சண்டையே நடக்கும். காட்டு வேலைக்குத் தண்ணீர் கொண்டுபோக ஒன்று, மண்ணெண்ணெய் வாங்க ஒன்று என்று அது ஓட்டை விழும்வரை உழைக்கும். அடி ஆத்தி, இது என்ன ஊர் என்று அன்றைக்கெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இங்கே வண்டி உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. கம்பெனி மதிலோரம் நான் ஒரு பெட்டிக்கடை போட்டேன். குளிர்பானம், தண்ணீர், பிஸ்கட், முகப்பில் ஒரு காயின் போன். ஷிப்ட் விட்டதும் கடை முன்னால் நிற்க இடமிருக்காது. சேலம், மதுரை, திருநெல்வேலி என்று எல்லாப் பேச்சும் ஒரே நேரத்தில் கேட்கும். அவர்கள் குடித்துப் போட்ட பாட்டில் எல்லாம் பக்கத்துக் கால்வாயில்தான் விழுந்தது. மழை வந்தால் கால்வாய் அடைத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் லட்சுமக்கா வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். லட்சுமக்கா இந்த மண்ணில் பிறந்தவர், அதே கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறார். கோபம் வந்தால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே மூச்சில் வரும்.

ஒரு வருஷம் சுகாதார ஆய்வாளர் நேரில் வந்தார். "இன்னொரு வாட்டி கால்வா அடைச்சுதுன்னா கடையைத் தூக்கிடுவோம்மா. மழைக்கு முன்னாடி ஏதாச்சும் பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் வீட்டுக்காரர் சம்பளம் வாடகைக்கே சரி; கடை போனால் நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கமுதிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அன்று சாயந்திரம் கண்ணாடி பாட்டில் பெட்டிகளை அடுக்கும்போதுதான் புத்தியில் உறைத்தது. இந்தக் கண்ணாடி பாட்டிலுக்கு ஏஜென்சிக்காரர் என்னிடம் முன்பணம் வாங்குகிறார், அதனால் ஒன்றுகூடத் தொலைவதில்லை. பிளாஸ்டிக்குக்கு நான் ஏன் வாங்கக் கூடாது? மறுநாளே அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன்: பாட்டிலுக்கு ஒரு ரூபாய் கூடுதல், காலி பாட்டில் கொடுத்தால் ரூபாய் திரும்ப.

அடேயப்பா! முதல் நாளே சாக்கு நிறைந்தது. திரும்ப வாங்கிய ரூபாயை அங்கேயே காயின் போனில் போட்டு, "அம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் ஒரு வேன்காரர் வந்து எட்டு மூட்டையை இறக்கினார். எல்லாம் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் பொறுக்கியவை! "பாட்டிலுக்கு ஒரு ரூபாதானே எழுதியிருக்கு? குடுங்கக்கா" என்று நின்றார். லட்சுமக்கா துடைப்பத்தோடு ஓடிவந்து மூன்று பாஷையிலும் வாழ்த்தியதில்தான் மூட்டைகள் வேனில் ஏறின.

நான் விற்றது எது, வெளியே இருந்து வந்தது எது என்று அடையாளம் வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் கம்பெனியில் அடையாளம் போடும் மாதிரி அழியாத பெயிண்ட் பேனா ஒன்று கடையில் வாங்கி வந்தார். ராத்திரி சமையலைக்கூட மறந்து இருவரும் ஒவ்வொரு பாட்டிலிலும் அழகாகச் சிவப்புப் பொட்டு வைத்தோம். மறுநாள் ரெண்டு மணி ஷிப்ட் விட்டது. கூட்டம் வந்தது, பாட்டிலைப் பார்த்தது, அப்படியே பின்வாங்கியது. தர்மபுரிக்காரர் ஒருவர் மட்டும் வாய்விட்டுச் சொன்னார்: "ஏங்கக்கா, ரிஜெக்ட் ஆன சரக்க எங்க தலையில கட்டப் பாக்கறீங்களா?"

கம்பெனியில் சிவப்புப் பொட்டு விழுந்த பாகம் கழித்துப் போட்ட பாகம். நாளெல்லாம் அதை ஒதுக்கி ஒதுக்கிப் பழகிய கை, பாட்டிலையும் ஒதுக்கிவிட்டது. நாளெல்லாம் பொட்டு வைப்பதே வேலையாக இருக்கும் மனுஷனுக்கு அது தோன்றவில்லையே! "கடையில செவப்புதான் இருந்துச்சு" என்று அசடு வழிந்தார். "நீங்கதான் தரம் பாக்குற ஆளா?" என்று நான் கேட்டதற்கு லட்சுமக்கா சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அன்றைக்கே பச்சை பேனா வந்தது. பச்சை என்றால் பாஸ். அதற்குப் பிறகு பொட்டு இல்லாத பாட்டிலை யாருமே வாங்கவில்லை, போங்கள்!

மழை கொட்டிய மறுநாள் காலை ஆய்வாளர் குடையோடு வந்தார். கால்வாயை எட்டிப் பார்த்தார். தண்ணீர் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடித்தார். குடித்து முடித்து, காலி பாட்டிலைக் கால்வாயில் வீசக் கையை ஓங்கினார். ஓங்கிய கை பாதியில் நின்றது. பச்சைப் பொட்டைப் பார்த்தார், பாட்டிலை என்னிடம் நீட்டினார், மறு கையையும் நீட்டினார்: "என் ஒரு ரூபாயக் குடும்மா." கடை தப்பித்தது. அந்த ரூபாயைக் கொடுத்த சந்தோஷம் எனக்கு எதிலும் வந்ததில்லை.

பொங்கலுக்குக் கமுதிக்குப் போனபோது வழித்தாகத்துக்கு ஒரு பாட்டில் கொண்டுபோனேன். குடித்து வைத்த பாட்டிலை என் அக்கா அடுத்த நிமிஷமே கழுவி அலமாரியில் ஏற்றிவிட்டாள். "அக்கா, அதைக் குடுத்துரு. பச்சைப் பொட்டு போட்டது, எங்க ஊரு பாட்டிலு" என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க ஊரா? அப்ப இது யாரு ஊருடி?" என்றாள். முணுமுணுத்துக்கொண்டே எடுத்து, ஊருணித் தண்ணீரை நிரப்பிக் கையில் கொடுத்தாள்.

சேலம் தாண்டி, கிருஷ்ணகிரி தாண்டி, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். கடைசி வாயைக் கடை வாசலில் நின்று குடித்துவிட்டு, பாட்டிலைச் சாக்கில் போட்டேன். எல்லோரையும் போல ஒரு ரூபாய் எடுத்துக் காயின் போனில் போட்டுக் கமுதிக்குப் பேசினேன்.

"அக்கா, ஊரு வந்து சேந்துட்டேன்" என்றேன். வாயில் இன்னும் ஊருணித் தண்ணீர் ருசி இருந்தது.