சத்தம் கூடிய மருந்து

2012 ஆகஸ்ட் 18, சனிக்கிழமை, மாலை ஐந்தரை மணிக்கு, வாழைத்தோட்டத்துக் கொட்டகையில் சித்தப்பா இரண்டு வெடிமருந்துப் பொதிகளைப் பிரித்து வைத்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

மலையடிவாரத்தில் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் அப்பா நட்ட ஏத்தன் வாழைகள் குலை முற்றி நின்றன. ஓணத்துக்குக் களியக்காவிளைச் சந்தைக்குப் போகவேண்டியவை. முந்தின இரு மாலைகளிலும் ஒரு தாய்ப்பன்றி குட்டிகளோடு இறங்கிவந்து, கிழங்கைத் தோண்டி, வாழைகளை வரிசையாகச் சாய்த்திருந்தது. இன்னும் ஓரிரு முறை வந்தால் அந்த ஆண்டின் உழைப்பு முழுவதும் மண்ணில் கிடக்கும். பயிர்க்காவலுக்கென உரிமம் பெற்ற, குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தது. உரிமம் சித்தப்பாவின் பெயரில்.

ஒரு பொதியில் பொடி நைசாக இருந்தது. மற்றதில் சற்றுப் பருவெட்டாக. சித்தப்பா இரண்டையும் விரலிடையே உருட்டினார், வெளிச்சத்தில் காட்டினார், முகர்ந்தார். சித்தி சேலை எடுப்பதற்குக்கூட அவ்வளவு நேரம் ஆனதில்லை. கடைசியில் நைசானதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதுக்குத்தான் சத்தம் கூடுதல்."

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, சத்தத்த வச்சு என்னலே செய்ய? தள்ளப்பன்னி விழணும்."

"மத்ததுக்கு உதை ஜாஸ்தி அண்ணா. எனக்க தோளு தாங்காது."

மருந்தைக் கொட்டி, தேங்காய்ச் சகிரி நாரை அடைத்து, கம்பியால் இடித்தார். ஈய ரவைகள் கிடந்த பை அவர் இடுப்பில் கட்டியது கட்டியபடியே இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், அதற்கு ஒரு பொருள் உண்டென்று நினைக்கவில்லை.

வெளிச்சம் மங்கும் முன்பே பன்றி வந்தது, கல்லெறி தூரத்தில், பின்னால் குட்டிகள்.

"ஏட்டி மக்கா, காதப் பொத்திக்கோ," என்றார் சித்தப்பா.

மலை இரண்டு முறை திருப்பிச் சொல்லும்படி துப்பாக்கி வெடித்தது. புகை விலகியபோது பன்றிகள் இல்லை. சித்தப்பா பின்னால் சரிந்து வாய்க்காலுக்குள் உட்கார்ந்திருந்தார். அந்தப் பருவம் முழுவதும் அவை திரும்பி வரவில்லை என்பது பின்னால் தெரிந்த செய்தி. அன்று எங்களுக்குத் தெரிந்தது, குறி தப்பியது மட்டுமே.

சாப்பிடும்போது சித்தி ஆரம்பித்தாள். "பன்னியத்தான் விட்டுட்டிய. ஒரு வாழையிலயாவது வெடி கொண்டுதா?"

அப்பா புரையேறும்வரை சிரித்தார். சித்தப்பாவும் சேர்ந்து சிரித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் மீன்குழம்பு கேட்டார். அவர் அவமானத்தை மறைக்கிறார் என்று எண்ணினேன்.

மறுநாள் காலை, ஆலயத்துக்கு வெள்ளை உடுப்பு மாற்றும் முன், பள்ளிப் பையிலிருந்த கவராயத்தோடு தோட்டத்துக்கு ஓடினேன். பன்றி நின்ற இடத்துக்கு அருகே ஒரு வாழையின் பருத்த தடையைத் தேர்ந்து, சிதறிய ரவைகள் எப்படிப் பதியும் என்று யோசித்து, மேலும் கீழுமாகக் கவராய முனையால் துளைகள் இட்டேன். பிறகு எல்லோரையும் அழைத்துவந்தேன்.

"கொண்டிருக்குலே!" என்றார் அப்பா.

சித்தப்பா வெளிறிப்போனார். துளைகளைத் தடவினார், பின், வாழைக்கறை படிந்த என் விரல்களை நெடுநேரம் பார்த்தார். பெருமையை வெளிக்காட்டக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். அருகில் போய், குறி கொஞ்சம்தான் தப்பியிருக்கிறது, அடுத்த முறை நிச்சயம் படும் என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன்.