நெருப்பைக் கண்டால் தக்பீர்

இந்த நாட்டில் நெருப்புக்கும் வரிசையாகத்தான் போகிறார்கள். ஆய்வுகூடத்தில் ஒத்திகை மணி அடித்தால், கோட்டை மாட்டிக்கொண்டு படியால் இறங்கி, முற்றத்தில் நின்று கோப்பி குடிப்பார்கள். ஒரு குரல் எழும்பாது. ஜேர்மனிக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய அதிசயம். இலங்கையில், எங்கள் சாய்ந்தமருதில் அடுப்படித் துணி பற்றினாலே தெருவே கூடிவிடும். மருதமுனையில் மாமாவின் நூல் கடை எரிந்த அன்று, மண்ணை அள்ளி எறிந்துகொண்டிருந்த உம்மா என் முதுகில் ஓங்கி அறைந்தார். "என்ன பாத்துக்கு நிக்காய்? தக்பீர் செல்லு மகன், சத்தமாச் செல்லு!" நெருப்பைக் கண்டால் இறைவன் பெரியவன் என்று சொல்வது எங்கள் வழக்கம். அல்லாஹு அக்பர் என்று தெருவே கத்தியது.

இங்கே என் வேலை கரி சுடுவது. சிரட்டைக்கரியோடு பொட்டாசியம் காரத்தையும், நாம் வயலுக்கு எறிகிற அதே யூரியாவையும் கலந்து, காற்றுப் புகாத குழாய் உலையில் சுடுவோம். காரம் கரியைத் தின்று கண்ணுக்குத் தெரியாத துளைகள் போடும். யூரியாவின் நைதரசன் கரிக்குள் குடியேறும். காற்றின் ஒட்சிசனில் ஓடும் பற்றரிக்கு, விலைகூடிய பிளாற்றினத்துக்குப் பதிலாக இந்தக் கரி. ஒரேயொரு பயம், குழாயின் குளிர்ந்த முனையில் சிலநேரம் பொட்டாசியம் உலோகமாகப் படிந்துவிடும். தண்ணீர் பட்டால் வெடிக்கும்.

என்னோடு வேலை செய்யும் மார்த்தா அன்று ஏதோ யோசனையில், குழாயைத் துடைக்க ஈரத்துணியை உள்ளே விட்டாள். குழாய் வெடித்துச் சிதறியது. துண்டொன்று அவள் கழுத்தில் ஏறியது. மதுசாரப் போத்தல்கள் ஒவ்வொன்றாகப் பற்றின. மணல் வாளியைத் தூக்கி எறிந்தேன். வாய் தானாகத் திறந்தது. அல்லாஹு அக்பர்! அல்லாஹு அக்பர்! அவளை வெளியே இழுத்துப்போட்டு, இரத்தம் பீறிட்ட கழுத்தை அமுக்கியபோதும் கத்திக்கொண்டுதான் இருந்தேன்.

பொலிஸ் வந்ததும் என் முகத்தைத் தரையில் மோதியது. முதுகில் முழங்கால் ஏறி விலா எலும்பொன்று முறிந்தது. "எத்தனை பேர்?" என்றான் ஒருவன். உள்ளே வேலை செய்தவர்களைக் கேட்கிறான் என்று நினைத்து, "இரண்டு" என்றேன். மறுபடியும் மோதினான். மற்றவன் எங்கே என்று உதைத்தான். "அவள் கழுத்தைப் பிடியுங்கள், செத்துப்போவாள்!" என்று கதறினேன். அவள் இரத்தம் என் கன்னம்வரை ஓடி வந்தது.

மார்த்தா பிழைத்தாள். பேச்சு வந்ததும் உண்மையைச் சொன்னாள். என்னை விட்டார்கள். "அவசரத்தில் வேறு ஏதாவது கத்தியிருக்கலாமே" என்றார் பேராசிரியர். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனால் இவர்களை மட்டும் ஏசி என்ன? அதே சொல்லைச் சொல்லி, உடம்பில் குண்டு கட்டி வெடித்தவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். அன்று சுவர் அதிர, எங்களைக் குப்புறத் தள்ளி மேலே கவிழ்ந்துகொண்ட உம்மாவும் அதைத்தான் சொன்னார். நாசமறுவார், எங்கள் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்த நோன்புக்கு ஊர் போனேன். அடுப்படியில் காஸ் குழாய் பற்றிக்கொண்டது. உம்மா தக்பீர் சொல்லிக்கொண்டே மண்ணை அள்ளி எறிந்தார். அந்தச் சத்தம் தெருவுக்குக் கேட்காதபடி நான் ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினேன்.

"கதவ ஏன் மகன் சாத்துறாய்? புகை வெளியால போகணுமே! வாயில என்ன கிடக்கு, செல்லன்!"

வெளியே அக்கம்பக்கத்தார் வாளிகளோடு வந்து, அல்லாஹு அக்பர் என்று கத்தியபடி கதவை இடித்தார்கள். நான் தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றேன்.